ரயிலுக்காக மூலை வெட்டிய குசினி

1982 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. விடியல் சுபஹு தொழுகைக்குப் பின் பால் விடாத பிளேன்ரீ. ஆறேகாலுக்குக் கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி எலுமிச்சைக்கு ஊற்றினேன். ஆறரைக்கு ஈர்க்குமாற்றுடன் பின்வளவுக்குப் போனேன். அன்றைய கொப்பியில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: “இரவு கச்சான் காற்று பலம். எலுமிச்சை தொடக்கம் கிணறு வரை தண்டவாளத்தில் ஒன்றரை அங்குலம் மணல்.”

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகவேண்டும். எங்கள் பின்வளவில் மட்டும் ஒரு ரயில் ஓடியது. எலுமிச்சையில் தொடங்கி, கிணற்றடியைச் சுற்றி, வேலியோரமாகத் திரும்பவும் எலுமிச்சைக்கே வரும் எண்பத்துநான்கு அடிப் பாதை. தண்டவாளம், மருதமுனை நெசவுக்காரர்களுக்கு நூல் பொதிகளைக் கட்டி வரும் இரும்புப் பட்டை. தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள், மரவேலை செய்யும் ஓடாவியார் ஒருவர் விறகுக்கென்று ஒதுக்கிய பாலைமரத் துண்டுகள். என்ஜின், மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் ஒரு பழைய காரின் வைப்பர் மோட்டர். அதற்கான பெற்றரி பின்னால் வரும் பெட்டியில் பயணம் செய்யும். ஐந்து வருடமாகச் சேர்த்துக் கட்டியது. நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவனுக்கு வாய்க்கால்களையே வரைந்து வரைந்து ஏற்பட்ட அலுப்புக்கு இது மருந்து என்று நான் சொல்வேன். என் மனைவி வேறு விதமாகச் சொல்வாள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் பத்து நாள் லீவு எடுத்துப் பாதையைப் பழுதுபார்ப்பேன். கச்சான் மணலை அகற்றுவது, கறையான் தின்ற கட்டைகளை மாற்றுவது, கழிவு ஒயில் பூசுவது, நாவிதன்வெளி வாய்க்காலோரத்தில் அள்ளி வந்த பரல் கற்களை இட்டு நிரப்புவது. கட்டைகளுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் இலக்கம் போட்டிருந்தேன். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. அந்த வருடம் முப்பத்தொன்று முதல் நாற்பத்துநான்கு வரை பதினான்கு கட்டைகளை முழுக்க மாற்றியிருந்தேன். பெருமைப்படத்தக்க வேலை. ஆனால் அந்தப் பதினான்கு கட்டைகள் கிடந்த இடத்தில்தான் சிக்கல்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மகள் பிறந்தால் அவளுக்கும் ஒரு வீடு கட்டவேண்டும். நானும் இந்த வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தான். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. “மகளுக்கு அத்திவாரம் போடாம ரயிலுக்குப் பாதை போடுறார்” என்று ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்த வருடம் அத்திவாரம் போடுவதென்று முடிவாயிற்று. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேசனாருடன் மச்சான், அதாவது மனைவி காக்கா என்று கூப்பிடும் அவளுடைய மூத்த சகோதரர், வருவதாக ஏற்பாடு. வரைபடம் என்னுடையது. சனிக்கிழமையே முளையடித்துக் கயிறு கட்டி வைக்கும் பொறுப்பும் என்னுடையது.

நான் மணலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்ச பாருங்க, உங்கட ரயில் இண்டைக்கும் லேட்டா?”

“மணல் கிடக்கு. எடுத்தாத்தான் ஓடும்.”

“முன் முத்தத்திலயும் மணல் கிடக்கு. அங்க மட்டும் இந்த ஈர்க்குமாறு உங்கட கையில ஏறுறல்லயே!”

ஏழரைக்கு ரொட்டியும் சம்பலும். எட்டு மணிக்கு முளையடிக்கத் தொடங்கினேன். மண்டபம், இரண்டு அறை, விறாந்தை எல்லாம் நேராக வந்தன. மூன்றடி, நாலடி, ஐந்தடி வைத்து ஒவ்வொரு மூலையும் செங்கோணமா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கடைசியாகக் குசினி. அதற்கு நான்கு மூலைக்குப் பதிலாக ஐந்து மூலை. கிழக்குப் பக்கத்து மூலையை மூன்றடிக்குச் சரித்து வெட்டியிருந்தேன். வெட்டிய இடத்துக்கு வெளியே, கயிற்றிலிருந்து சரியாக நாலு அங்குலம் தள்ளி, என் புதிய பதினான்கு கட்டைகளும் வளைந்து போயின.

பத்து மணிக்கு மச்சான் சைக்கிளில் வந்தார். சம்மாந்துறையில் வயல் செய்பவர். வரம்புகளைப் பார்த்துப் பழகிய கண். சைக்கிளை எலுமிச்சையில் சாத்திவிட்டுக் கயிற்றைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

“மச்சான், குசினிட மூலைய என்ன, எலி கடிச்சிட்டா?”

“காத்துக்காக வெட்டின. கச்சான் நேரே அடிச்சா புகையெல்லாம் வீட்டுக்குள்ள வந்துரும்.”

“கச்சான் மேற்கால வாற காத்து. நீங்க வெட்டியிரிக்கிற கிழக்கு மூலை.”

இருபது வருடமாகத் திசை பார்த்து வரைபடம் வரைபவன் நான். மச்சான் குனிந்து, முப்பத்தேழாம் கட்டையின் இலக்கத்தை வாசித்தார். பிறகு சாரத்தை மடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வேலிக்கு அப்பால் ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

“எங்கட உம்மாட காணி உறுதிப் பத்திரத்தில ரயிலுக்குப் பங்கு எழுதியிரிக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே.”

“மெதுவாக் கதைங்க.”

“நான் ஒண்டும் கதைக்க மாட்டன். நாளைக்கு மேசனார் கேட்டா நீங்களே சொல்லுங்க.”

சொன்னபடி அவர் ஒன்றும் கதைக்கவில்லை. போகும்போது குசினி வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் எடுத்ததைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

பதினொன்றரைக்குப் பரீட்சார்த்த ஓட்டம். சில்லுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. (மனைவியின் போத்தலைக் கேட்டு எடுக்கவில்லை, கேட்டால் கிடைக்காது.) பெற்றரிப் பெட்டியிலிருந்த சுவிட்சைத் தட்டினேன். ரயில் எலுமிச்சையை விட்டுப் புறப்பட்டது. முதல் சுற்றில் ஒரு தடங்கலும் இல்லை. இரண்டாவது சுற்று தொடங்கும்போது மனைவி ஒரு கையில் திருவலை, மறு கையில் தேங்காய்ப் பாதி, இடுப்பில் சட்டியோடு வந்தாள். கயிற்றைத் தாண்டிப் புதுக் குசினிக்குள் நுழைந்தாள். சுவரே எழும்பாத அந்தக் குசினியில், “இஞ்ச அடுப்பு, இஞ்ச அம்மி” என்று கை காட்டினாள். மிஞ்சிய மூலையில் திருவலையைப் போட்டு உட்கார்ந்து தேங்காய் திருவத் தொடங்கினாள்.

முழங்கால் இரண்டும் கயிற்றுக்கு வெளியே நின்றன. பாதங்கள் தண்டவாளத்தின் மேல்.

ரயில் வளைவில் வந்துகொண்டிருந்தது. நான் ஓடினேன். அதற்குள் என்ஜின் அவளுடைய குதிக்காலில் போய் முட்டி நின்று, போக வழி கேட்பதுபோல உறுமியது. அவள் காலை எடுக்கவில்லை.

“இது எந்த ஸ்டேசன்?” என்று என்னைக் கேட்டாள்.

நான் சுவிட்சை நிற்பாட்டினேன்.

“கால மடக்கி இருந்தா இடம் காணும்” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

“மடக்குறன். அடுப்பில குழம்பு கொதிக்கிற நேரம் எழும்பி ஓடணுமெண்டா, முதல்ல கால நிமித்தி, மறுகா சுவரில இடிபடாமத் திரும்பி... ஓம், இடம் காணும்.” அவள் திருவுவதை நிறுத்தவில்லை. “இந்தக் குசினி எனக்கில்ல, மகளுக்கு. பத்து வருசம் கழிச்சி அவட மாப்பிள்ள வந்து, ‘இந்த மூலை ஏன் இப்பிடி’ எண்டு கேட்டா, அவ என்ன சொல்ற? வாப்பா ரயிலுக்கு வழி விட்ட எண்டா?”

அவள் சொல்வது சரி. அது எனக்கு வரைபடம் வரையும்போதே தெரியும். அழிறப்பரை இரண்டு தரம் கையில் எடுத்து இரண்டு தரமும் வைத்தவன் நான். மூலையை நேராக்கினால் பதினான்கு கட்டைகளும் அத்திவாரத்துக்குள் போகும். வட்டம் அறுந்தால் ரயில் ஓடாது. போய் முட்டி நிற்கும் ரயிலை ரயில் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பகல் மீன் குழம்பு. தேங்காய்ப்பால் நிறையவே சேர்த்திருந்தாள். மதிய ளுஹர் தொழுதுவிட்டு வந்து, வழமையான தூக்கத்தை விட்டுவிட்டு, கடதாசியில் பாதையைக் குறுக்க முயன்றேன். மூன்று விதமாக வரைந்தேன். மூன்றிலும் கிணற்றடிக்கு முன்னால் இருந்த கோழிக்கூடு இடித்தது. கோழிக்கூடு அவளுடையது. அதைத் தொடுவதென்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணீரோடு வந்தவள் என் கடதாசியை எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பெட்டி என்ன?”

“உங்கட கோழிக்கூடு.”

“அது எத்தின அடி?”

“நாலுக்கு மூணு.”

“அத எடுத்தா?”

“எடுத்தா... கிணத்துக்கு முன்னாலயே பாதையத் திருப்பலாம்.”

“வட்டம் மூடுமா?”

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடும். எண்பத்துநான்கு அடி எழுபத்தொன்றாகக் குறையும், வளைவும் கொஞ்சம் இறுகும், ஆனால் மூடும். சொன்னேன்.

“அப்ப கூட்டக் கொண்டுபோய் உங்கட ஸ்டேசனுக்குப் பக்கத்தில வைங்க” என்றாள். எலுமிச்சைக்குக் கீழே பலகையில் நான் கட்டியிருந்த நிலையத்தைத்தான் சொன்னாள். “அஞ்சு வருசமா அந்த ஸ்டேசனில ஒரு சனத்தையும் நான் காணல்ல. கோழிகளாச்சும் நிக்கட்டும்.”

“கோழி தண்டவாளத்தில எச்சம் போடும்.”

“அதுக்குத்தான் ஈர்க்குமாறு உங்கட கையில இரிக்கே!”

அவள் உள்ளே போகத் திரும்பினாள். சட்டென்று நினைவு வந்தவள்போல வாசலில் நின்று, “அந்த மெஷின் எண்ணெய்ப் போத்தலயும் இருந்த இடத்தில வைங்க” என்றாள்.

அன்றைய பக்கத்தின் அடியில் எழுதியிருப்பது: “பாதை 13 அடி குறையும். கட்டைகள் 31–44 கழற்ற வேண்டும். குசினி மூலை நேராகும். கோழி ஐந்து, சேவல் ஒன்று, இடமாற்றம்.” அவள் விட்டுக்கொடுத்ததை எழுதவில்லை. அதை எந்த அளவில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு, சுபஹு தொழுதுவிட்டு வந்து, மேசனார் வருமுன் முதலில் செய்தது இது: சரித்து வெட்டிய மூலையின் இரண்டு முளைகளையும் பிடுங்கினேன். நாடாவின் மறுமுனையை அவள் பிடித்தாள். மூன்றடி, நாலடி, ஐந்தடி பார்த்து ஒரே முளையாக அடித்தேன். அது முப்பத்தேழாம் கட்டைக்கும் முப்பத்தெட்டாம் கட்டைக்கும் நடுவில் இறங்கியது.