ஐந்து மரங்களுக்கு வளைகாப்பு

மரத்துக்கு வளைகாப்பு நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒன்றுக்கல்ல, ஐந்து ஜாதிக்காய் மரங்களுக்கு. மலாக்காவில், காஜா பேராங்கில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது அது. நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறதென்று தெருவெல்லாம் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். அன்று மாலைக்குள் நடந்து முடிந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

மரங்கள் என் மாமாவுடையவை. மாமா என்றால் அம்மாவின் தம்பி; அத்தையோடு எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஆற்றோரத்தில் ஒரு மசாலாச் சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. மூட்டை மூட்டையாக ஜாதிக்காய் வந்து போவதைப் பார்த்துப் பார்த்து, நாமும் மரம் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கல்யாணமான வருஷமே விதை போட்டார். மரம் பூக்க ஆறேழு வருஷம் ஆகுமாம். ஆகட்டும் என்றார். பொறுமைசாலி.

அத்தைக்கு மட்டும் அந்தப் பொறுமையை யாரும் காட்டவில்லை. அவருக்குக் குழந்தை இல்லை. அம்மா அவரைக் கூட்டிப் போகாத கோவில் இல்லை, காட்டாத வைத்தியர் இல்லை. மாமாவை யாரும் எங்கும் கூட்டிப் போகவில்லை, அவர்தான் ஆம்பிளையாயிற்றே. வருகிற தீபாவளிக்குள் ஒன்றும் ஆகாவிட்டால், தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பார்த்து வைத்திருந்த பெண்ணை மாமாவுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டி வைப்பது என்று அம்மா முடிவே செய்திருந்தார். மாமா மறுக்கவில்லை. அத்தையை யாரும் கேட்கவில்லை.

கிரெனடா என்ற பெயரை நான் பள்ளியில் கற்கவில்லை. மரங்கள் பூப்பதற்கு முன்பு ஒருநாள் மாமா வேலையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்து, சமையலறைச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் அந்தத் தீவை வரைந்து காட்டினார். உலகத்தின் மறுகோடியில், கரீபியன் கடலில் கிடக்கிறதாம். ஜாதிக்காய்க்குப் பேர்போன ஊர். நடுவெல்லாம் மலை, சமநிலம் என்று பார்த்தால் ஒரு கைப்பிடிதான். சரிவில்தான் பயிர் வைத்தாக வேண்டும். கனத்த மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்குப் போய்விடும். பழுத்து விழுகிற காய்கள் உருண்டு பள்ளத்தில் கிடக்கும்; பெண்கள் கூடையோடு இறங்கிப் பொறுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வளர்த்ததையெல்லாம் ஒரு புயல் வந்து சாய்த்துவிட்டது. ஜாதி மரத்துக்கு வேர் ஆழமாகப் போகாதாம்.

“எல்லாம் போச்சு லா! திரும்ப நட்டு, பூத்து, காய்க்க ஏழெட்டு வருஷம். அதுக்குள்ள நம்மளது காய்ச்சிரும்!” என்று மாமா கைகொட்டினார்.

“அங்கயும் புள்ளகுட்டிக்காரங்க இருப்பாங்கல்லங்க?” என்றார் அத்தை.

மாமா சோறு போடச் சொன்னார். அத்தை துடைத்தெடுக்கும் வரை நான் அந்தக் கரித்தீவை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனேன்.

கடைசியில் மரங்கள் பூத்தே விட்டன, கொத்துக் கொத்தாக. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது. மரங்கள் சூல் கொண்டிருக்கின்றன, வளைகாப்பு செய்யலாம்; பிள்ளையில்லாதவள் தன் கையால் வளையல் கட்டினால் அவளுக்கும் பலிக்கும். மற்ற வளைகாப்புகளில் அத்தையை ஓரமாக உட்கார வைப்பதே வழக்கம். அன்று அவர்தான் முதல் ஆள். மரங்களுக்குச் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கிளை கிளையாகக் கட்டினார். பக்கத்திலிருந்து, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டிப் பெண்கள் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் தாராளமாக இருந்தன. எனக்கு வேறென்ன வேண்டும்?

காயை முன்கூட்டியே பேசி வைக்க மாமா ஒரு பினாங்குச் சீன வியாபாரியை வரச் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் அந்தச் சீனர் வந்தார். ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்தார். அடுத்த மரத்துக்குப் போனார். ஐந்தையும் பார்த்துவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

“செமுவா ஜந்தான்,” என்றார். எல்லாம் ஆண் மரங்கள்.

அவர் மலாயில் நிதானமாக விளக்கினார். பெண் மரத்தில் பூ ஒன்றிரண்டாகத்தான் வரும். ஆண் மரம்தான் இப்படிக் கொத்தாகப் பூக்கும், ஆனால் காய்க்காது. கன்றாக இருக்கும்போது யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கிரெனடாவிலும் இப்படித்தான் வருஷக்கணக்காகக் காத்திருந்து, பூத்த பிறகு ஆண் மரங்களில் ஒன்றிரண்டை விட்டு மற்றதை வெட்டுவார்களாம்.

மாமா விடவில்லை. இங்கே மண் சரியில்லை, எரு போட்டால் காய்த்துவிடும் என்றார். சீனர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தார்.

“தானா பாகுஸ்,” என்றார். மண் நல்ல மண். மண்மீது ஒரு குற்றமும் இல்லை.

அத்தை சிரித்துவிட்டார். அம்மாவுக்கு எதிரில் அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. “என்னா சிரிப்பு வேண்டிக் கிடக்கு?” என்று அம்மா சீறினார். அத்தை வழக்கம்போலத் தலையைக் குனியவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மாமாவின் முகம் வெளுத்துப் போயிற்று. உள்ளே போய்ப் பாராங் கத்தியை எடுத்து வந்து மரங்களை வெட்டத் தொடங்கினார். ஒரு கிளை விழும்போதெல்லாம் வளையல்கள் நொறுங்கின. நான் வீறிட்டு அழுதேன். பெண்கள் கைகழுவாமலே எழுந்து ஓடினார்கள். கோழியைக்கூட அதட்டத் தெரியாத மனிதர் அவர். ஐந்தாவது மரம் சாயும்வரை அவரிடம் போக யாருக்கும் துணிவில்லை.

உடையாமல் தப்பிய வளையல்களை அத்தை பொறுக்கிக் கழுவித் தன் கைகளில் போட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்பு அம்மா அந்தத் தம்பின் ஊர்ப் பெண்ணின் பேச்சை எடுத்தார். மாமா தட்டிலிருந்து தலை நிமிராமல், “வேணாங்க்கா. விட்டுருங்க,” என்றார். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. வளையல் குலுங்க அத்தை அவருக்கு ரசம் ஊற்றினார். ஆசையாக வளர்த்த மரங்கள் போன துக்கத்தில் மாமாவுக்குக் கல்யாண ஆசையே விட்டுப்போயிற்று என்று நினைத்து, நான் அவருக்காக மிகவும் வருத்தப்பட்டேன்.