திருப்தி இல்லை

தொற்று வார்டில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நர்ஸ் வேலையில் பத்தொன்பது வருடம்.

பெருந்தொற்று வந்ததும் முப்பத்தெட்டு படுக்கைக்கு இரண்டே நர்ஸ் என்றானது. பாதுகாப்பு உடையை மாட்டினால் ஷிப்ட் முடியும்வரை கழற்ற முடியாது; மாற்று உடை கிடையாது. கழிவறைக்குப் போக வழியில்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போனாள். நான்காம் மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. விடுப்பு கேட்டாள்.

"உங்களுக்குப் பதிலா யாரைம்மா போடுவேன்? மாத்திரையைப் போட்டுட்டு சமாளிங்க," என்றார் மேட்ரன்.

சமாளித்தாள். வீட்டில் தனி அறை. மகள் சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு, "வச்சிட்டேம்மா" என்று எட்டி நிற்பாள். ஏழு மாதம் பிள்ளையைத் தொடவில்லை.

தொற்று சற்று ஓய்ந்ததும் நிர்வாகம் ஒரு படிவம் கொடுத்தது. நர்ஸுகளின் வேலைச்சூழல் எப்படி என்று இருபது கேள்விகள். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள்.

"எல்லாத்துக்கும் 'திருப்தி'ன்னு டிக் பண்ணிடுங்க. விருதுக்கு அனுப்பறாங்க," என்றார் மேட்ரன்.

பக்கத்திலிருந்த இளைய நர்ஸ் முணுமுணுத்தாள். "போட்டுத் தொலைங்கக்கா. உண்மையை எழுதினா மட்டும் மாத்து உடை வாங்கித் தந்துடப் போறாங்களா?"

பெரியக்கா இருபதிலும் 'திருப்தி இல்லை' என்று குறித்தாள். ஓரத்தில் ரத்தம் வந்ததையும் எழுதினாள். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. மறுவாரமே அவளைக் கீழ்த்தளத்துத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். இனி வார்டு பக்கம் வரக் கூடாதாம்.

ஆஸ்பத்திரிக்கு விருது கிடைத்தது. விழா அன்று மேடை மேசைக்கு வெள்ளை விரிப்பு கேட்டு ஆள் வந்தது. கறையில்லாததாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து இளைய நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு அம்மாவுக்கு நரம்பே கிடைக்கல. அஞ்சு தடவை குத்திட்டேன். கொஞ்சம் வாங்கக்கா."

"டாக்டர்?"

"ஆபரேஷன்ல இருக்காருக்கா."

பெரியக்கா படியேறினாள். அந்த அம்மாவின் கையை வெந்நீர்த் துணியால் சுற்றி, தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஊசியை ஏற்றினாள். நிமிர்ந்தபோது வாசலில் மேட்ரன்.

மாலையே மெமோ வந்தது: அனுமதியின்றி வார்டுக்குள் நுழைந்தது ஏன்?

'நோயாளிக்கு நரம்பு கிடைக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லி ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள்.

"வேலையை விட்டுடும்மா," என்றாள் மகள்.

"விட்டுட்டு?" என்று கேட்டாள். மறுநாள் காலை கிடங்கைத் திறந்து, சலவையிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தாள்.