மூக்குக்காரியின் ஞாயிற்றுக்கிழமை

ஒர்சோலினா குளிக்கிற சோப்புக்கு மணம் கிடையாது. துணி துவைக்கும் தூளுக்கும் கிடையாது. காலையில் காப்பி இல்லை. மாதா கோவிலில் சாம்பிராணிப் புகை எழும் நேரம் பார்த்து நைசாக வெளியே வந்துவிடுவாள். திராட்சை அறுவடை முடிந்து சாறு பீப்பாய்க்குள் இறங்கும் அக்டோபரிலிருந்து மார்ச் கடைசி வரை பூண்டும் வெங்காயமும் அவள் அடுப்பை எட்டிப் பார்க்கக்கூடாது. அந்த மாதங்களில் அவள் மூக்கு அவளுடையதல்ல. இத்தாலியின் மொன்ஃபெர்ராத்தோ குன்றின் மேலிருக்கும் ஒயின் பண்ணைக்குச் சொந்தம். இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்பீர்கள். அந்தக் குன்றுகளில் இதுவும் ஒரு பிழைப்புதான். அதை அவள் ஆசையாகவே செய்தாள்.

புட்டி கழுவ வந்த பெண்ணை மூக்குக்காரி ஆக்கியது பண்ணையின் பழைய முதலாளி. இப்போது அவர் மகள் ரெனாத்தா நடத்துகிறாள். எந்தப் பீப்பாயை எதோடு கலக்க வேண்டும், எது தனியாக நிற்கும் என்று ஒர்சோலினா முகர்ந்து சொல்வாள். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவாள். அவ்வளவுதான் அவள் குடிக்கும் ஒயின். நாள் முழுக்க அதிலேயே புழங்குகிறவளுக்கு வீட்டிலுமா என்று சாப்பாட்டோடு தண்ணீரே வைத்துக்கொள்வாள்.

நிலவறைக்குள் இறங்கினால் அவளுக்குப் பாதி கனவுதான். வெளியே பனிமூட்டம் திராட்சை வரிசைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கும். உள்ளே பார்பேரா ரகத் திராட்சைப் பீப்பாயிலிருந்து கறுப்புச் செர்ரியும் மழை நனைத்த மண்ணும் எழுந்து வரும். நெப்பியோலோ பக்கம் போனால் வாடிய ரோஜா, லேசாகத் தார் வாசனை. வெளிறிய சிவப்பில் இருக்கும் கிரிஞ்ஞொலீனோவில் மிளகு. இவற்றுக்கு நடுவே அவள் செத்துப்போன அம்மாவின் அடுப்படி ஏப்ரனைக்கூட ஒரு தடவை முகர்ந்திருக்கிறாள், சத்தியமாக.

விருந்தாளிகள் வந்தால் எதற்கு எது என்று அவள்தான் சொல்வாள். நெப்பியோலோவுக்கு ஒயினிலேயே வெந்த மாட்டிறைச்சி. கிரிஞ்ஞொலீனோவுக்கு மெல்லிசாகச் சீவிய பன்றியிறைச்சி. பார்பேராவுக்கு பாஞ்ஞா காவ்டா, அதாவது பூண்டும் உப்பு நெத்திலியும் எண்ணெயில் கரைய வெந்த சூட்டுக் குழம்பு. அந்தக் குழம்பு குளிர்காலத்துச் சாப்பாடு. ஆகவே இதைச் சொல்கிறவள் அதைத் தின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கொஸ்தான்சோ நெத்திலி விற்பவன். மாய்ரா பள்ளத்தாக்கிலிருந்து அக்டோபரில் வண்டியோடு இறங்குவான். கோவில் சதுக்கத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுவான். ஏப்ரலில் மலையேறித் தீவனப் புல் அறுக்கப் போய்விடுவான். மனைவி இறந்து நாளாகிவிட்டது. ஒர்சோலினா தூரத்தில் தென்பட்டாலே போதும்.

"மூக்குக்காரி வர்றா! மீனை மூடு, மீனை மூடு!" என்று தன் டப்பாக்களுக்குத் தானே கட்டளையிடுவான். காய்கறிக்காரிகள் சிரிப்பார்கள்.

"மூடினா மட்டும்? உங்க கோட்டு நாலு தெரு தள்ளியே வருதே" என்பாள் இவள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் பேசுவாள். ஆனாலும் பேசாமல் போனதில்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு தடவை அவன் கூப்பிடுவான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. பாஞ்ஞா காவ்டா வைக்கிறேன்." அவள் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். அவன் தோளைக் குலுக்குவான். அவளுக்கு ஓய்வான மாதங்களில் அவன் மலையில். அவன் கீழே இருக்கும் மாதங்களில் அவள் மூக்கு பண்ணையில். வருடங்கள் அப்படியே போயின.

இந்த நவம்பரில் அவன் கேலி பேசவில்லை. "இந்த வருஷத்தோட சரி. வண்டிய மச்சான் பையன்கிட்ட குடுக்கப் போறேன். கீழ வந்து என்ன கண்டேன்? கடைசியா கேக்குறேன். ஞாயித்துக்கிழமை வர்றியா?"

ஒர்சோலினா நாள் கணக்குப் பார்த்தாள். திங்கட்கிழமைதான் எந்தப் பார்பேராவை எதோடு கலப்பது என்று அவள் முடிவு சொல்லும் நாள். பூண்டு தின்றால் மூன்று நாளைக்கு மூக்கு செத்துவிடும். பண்ணையின் ஒரு வருடப் பெயர் அந்த ஒரு காலையில் இருக்கிறது. போகாவிட்டால் அடுத்த அக்டோபர் சந்தையில் மீனை மூடச் சொல்ல ஆள் இருக்காது. சனிக்கிழமை முழுக்க அவளுக்கு எந்தப் பீப்பாயும் மணக்கவில்லை. எல்லாவற்றிலும் அந்தக் கோட்டுதான் வந்தது.

ஞாயிறு மதியம் பனிமூட்டத்துக்குள் நடந்து போனாள். தெருமுனையிலேயே பூண்டு அவளை எதிர்கொண்டது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு கைக்குட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேசை நடுவே தணலின் மேல் ஒரே ஒரு மண்சட்டி. இருவருக்கும் அதுதான். சுற்றிலும் வெள்ளைத் தண்டுக்கீரை, சுட்ட குடமிளகாய், முட்டைக்கோஸ், வெந்த பீட்ரூட். தண்டைச் சட்டியில் முக்கி, கீழே ரொட்டியை ஏந்திக்கொண்டு வாயில் போட்டாள். சூடு, உப்பு, கடல், எண்ணெய். முதலில் பாலில் வேகவைத்த பூண்டு எண்ணெயில் குழைந்து இனித்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"உறைக்குதா?"

"இல்ல. பேசாம இருங்க."

அவன் கோப்பையில் ஒயின் ஊற்றினான். பழக்கதோஷம், முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. வாயில் எடுத்தாள். துப்ப இடமில்லை, விழுங்கினாள். நாக்கில் படிந்திருந்த எண்ணெயையும் உப்பையும் அந்தப் புளிப்பு ஒரே இழுப்பில் கழுவிக்கொண்டு போனது. அடுத்த கவளத்துக்கு வாய் தானாக ஊறியது. அந்தப் புளிப்பு யாரென்று அவளுக்குத் தெரிந்தது. வடக்குச் சுவரோரப் பீப்பாய். வாயைக் கடிக்கிறது என்று வருடா வருடம் அவள் ஒதுக்கி, சில்லறையாக விற்கச் சொல்லும் பார்பேரா.

"இது எங்களுதாச்சே!"

"பின்ன? நீ வேண்டாம்னு தள்ளினதத்தான் வருஷா வருஷம் வாங்குறேன்" என்றான். "நானும் அந்த வரிசைதானே."

சிரிக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. வெறும் வயிற்றில் முகர்ந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டேனே, இதற்கும் இவனுக்கும் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பசித்தது.

சட்டி அடியில் மிஞ்சியதில் அவன் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினான். ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை, வெறும் வெள்ளை. உலகத்தில் இந்தச் சட்டியும் இரண்டு பேரும் மட்டும் மிஞ்சியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"ஜூன்ல மேல என்ன சமைப்பீங்க?"

"உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி. வேற என்ன இருக்கு அங்க?"

"அதுக்கு என்ன ஒயின்?"

"நீதான் சொல்லணும், மூக்குக்காரி."

"சாப்பிட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றாள். "ஜூன்ல எனக்கு வேலை கிடையாது. இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது மேல வான்னு கேட்டீங்களா நீங்க?"

கொஸ்தான்சோ கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டான். அவன் உண்மையிலேயே கேட்டதில்லை. முட்டை கொஞ்சம் தீய்ந்தது, அப்படியே தின்றார்கள்.

திங்கட்கிழமை காலை பண்ணைக் கூடத்தில் காலிக் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒர்சோலினா உள்ளே நுழைந்ததுமே ரெனாத்தா எழுந்துவிட்டாள்.

"கடவுளே! பூண்டு!"

"ஆமா சிஞ்ஞோரா. நேத்து சாப்பிட்டேன்."

"இன்னிக்கு என்ன நாள்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க."

"பொறுக்கவா? என்ன பேச்சு பேசற நீ? ஒயின் காத்திருக்குமா?"

ஒர்சோலினா தலைக்குட்டையை அவிழ்த்தாள். அதிலிருந்தும் அந்த வாடை வந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

"காத்திருக்கும் சிஞ்ஞோரா. நான் காத்திருக்கலையா?"

 ரெனாத்தா வியாழக்கிழமைக்காகக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள்.