ஈறுக்குள் கட்டிய சாரம்

ஹெர்மினியாவின் மேல்வரிசை முன்பல் ஒன்று செத்துப் பல காலம் ஆகியிருந்தது. கிளாரினெட் வாசிக்கிறவளுக்கு அந்தப் பல்தான் எல்லாமே. வாத்தியத்தின் முனை அதன் மேல்தான் சாய்ந்து நிற்கும். பிலிப்பைன்ஸின் புலக்கான் மாகாணத்தில் அவளுடைய பேண்டு போகாத திருவிழா கிடையாது; பேண்டில் தனியாக வரும் இடங்கள் எல்லாம் அவளுக்குத்தான். வேர் சிகிச்சை செய்தும் சீழ் நிற்கவில்லை என்றபோது பல் டாக்டர் புன்சலான் எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை.

"பிடுங்கிடலாம்க்கா. இல்லன்னா ஈறைத் திறந்து நுனியை வெட்டிட்டு, மாட்டெலும்புத் தூளை நிரப்பி, மேல சவ்வு போட்டுத் தைக்கலாம். அந்தத் தூள் சும்மா சாரம் கட்டுற மாதிரிதான். அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்புதான் ஏறி வரணும்."

"பிடுங்கிட்டா வாசிக்க முடியுமா?"

"பழைய மாதிரி முடியாது."

"அப்போ தைங்க."

தைத்தார். தான் சொல்லும்வரை கிளாரினெட்டை வாயில் வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அவள் புருஷன் அபுந்தியோ ஆள் ஏற்றும் டிரைசிக்கிள் வண்டி ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் அவனைக் கிண்டல் பண்ணாமல் ஒருவரும் விடவில்லை.

"என்னண்ணே, உன் பொண்டாட்டி வாய்க்குள்ள மாடு இருக்காமே? புல்லு போட்டியா?"

"போட்டேன், போட்டேன். உன்னைத்தான் முட்டணுமாம்."

ஹெர்மினியா கஞ்சியைக் குடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தாள். புண் ஆறிவிடும் என்று அவளுக்கே நம்பிக்கை வந்த நேரத்தில்தான் பெரிய டிரம் அடிக்கும் லிபோரியோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அந்த பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் செத்தால் எல்லோரும் வாசித்துக்கொண்டே கல்லறைவரை நடக்க வேண்டும். வரிசையில் செத்தவரின் இடம் மட்டும்தான் காலியாக இருக்கலாம். இன்னொரு இடம் காலியானால் இன்னொரு சாவு விழும் என்று பயம். வேடிக்கைதான், ஆனால் அந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

"சும்மா பிடிச்சுக்கிட்டு நட. ஊதற மாதிரி பாவனை பண்ணு, போதும்" என்றார் பேண்டு மாஸ்டர் தியோங். அவர் நல்ல மனுஷர்தான். ஊர்வலத்தில் எந்த மார்ச் இசை வாசிப்பது என்று லிபோரியோவின் பெண்டாட்டியே சொல்லப்போவது அவருக்கு எப்படித் தெரியும்?

கல்லறை வாசலில், விதவை கேட்ட அந்த மார்ச்சின் நடுப்பகுதி வந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். கிளாரினெட் மட்டும் தனியாகப் போக வேண்டிய இடம். எல்லோரும் நிறுத்தினார்கள். ஒரே நிசப்தம். சவப்பெட்டியின் பின்னால் நின்ற விதவை திரும்பி ஹெர்மினியாவைப் பார்த்தாள்.

ஹெர்மினியா ஊதினாள். பாவி மகள், அரைகுறையாக ஊதி விட்டிருக்கலாம். முழுசாக, அழ அழ ஊதினாள். வீட்டுக்கு வந்து துப்பியபோது ரத்தத்தோடு வெள்ளையாக மணல் மாதிரி என்னவோ விழுந்தது. அபுந்தியோ அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் பிரிந்த ஈறைக் காரணம் கேட்காமலே மறுபடி தைத்தார். சில மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்த ஓட்டை மூடவே இல்லை. முன்னைவிடப் பெரிதாகவே இருந்தது.

"ஊதினீங்களா?"

"ஒரே ஒரு தடவை, டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனி பல்லை எடுத்துடணும்க்கா. திருகு வச்சுப் பல் கட்டலாம்னாலும், அதைத் தாங்க அங்க எலும்பு இல்ல" என்றார்.

பல் போனது. கிளாரினெட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை மாஸ்டர் கூட்டிவந்தார். ஹெர்மினியாவின் கையில் ஜால்ரா கொடுத்தார்கள். வரிசையில் இடம் காலியாக இருக்கக் கூடாதே!

திருவிழா வந்தது. தேவாலயத்தின் முன்னால் கிளாரினெட்டின் தனி வாசிப்பு வந்ததும் அவளுடைய விரல்கள் தன்பாட்டுக்கு ஜால்ராவின் மேல் அசைந்தன. புதியவர் நன்றாகவே வாசித்தார். எங்காவது ஒரு சுரம் தப்பும், நாலு பேர் தன் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்தாள். கூட்டம் கைதட்டிவிட்டுப் பன்றி வறுவல் கடைப் பக்கம் நகர்ந்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை.