அவர் பாட முடியாத பாட்டு

எங்கள் லைன் சூப்பர்வைசரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் குடும்பத்தோடு வரச்சொல்வார்கள். பூஜை முடிந்ததும் கேன்டீனில் பாட்டு, டான்ஸ். போன வருடம் நான் தனியாளாகக் கிட்டார் வாசித்தேன். எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு. இரண்டாவது வரியிலேயே அந்த மனுஷன் மைக்கை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் அவர் பக்கம் திரும்பி ஆடியது. நான் ஓரத்தில் பக்கவாத்தியக்காரன் ஆனேன். முடிந்ததும் என் தோளில் தட்டி, "நல்லா சப்போர்ட் பண்ணினப்பா" என்றார்.

அதனால் இந்த வருடம் பாட்டைத் தேர்ந்தெடுக்க எனக்கு இருந்தது ஒரே கணக்கு. அந்த ஆள் வாய் திறக்கக் கூடாது. தமிழ்ப் பாட்டு எடுத்தால் பாடுவார். கன்னடப் பாட்டு எடுத்தால் அதையும் பாடுவார், கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூர் ரோட்டில் வளர்ந்தவர். தெலுங்கோ, அவர் வீட்டில் பேசுவதே அதுதான். இந்த ஊரில் மொழியை மாற்றி ஒருத்தரிடமிருந்து தப்பித்துவிட முடியாது. கடைசியில் போனில் தேடித் தேடி, வார்த்தையே இல்லாத ஒன்றைப் பிடித்தேன். கிட்டாருக்கென்றே எழுதியது. நடுவில் இரண்டு இடத்தில் தாளம் மாறும். கை தட்ட வந்தவனும் திணறி நிறுத்திவிடுவான். அது அழகாக இருக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை.

மூக்கண்டப்பள்ளியில் எங்களுடைய ஒற்றை அறை வீட்டில் இரண்டு மாதம் அதையே போட்டு உருட்டினேன். என் மனைவி வேறொரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். களைத்து வந்து படுத்தால் பக்கத்தில் நான் கம்பியை இழுத்துக்கொண்டிருப்பேன்.

"அந்தக் கட்டையைக் கொஞ்ச நேரம் கீழ வெச்சாத்தான் என்ன?" என்பாள்.

"பூஜையன்னிக்கு வந்து முழுசா கேளு. அப்பறம் பேசு" என்பேன்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், நான் ஒரே ஒரு தடவை தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்க வேண்டும்.

எங்கள் ஷெட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூஜையில் வைத்துக் கற்பூரம் காட்டிய சாமானை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. போன வருடம் தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்த ஒருத்தனை நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டதே நான்தான்.

பூஜை அன்று மனைவியையும் அழைத்துப் போய், கிட்டாரை உறையோடு என் மெஷின் ஓரமாகச் சாய்த்துவிட்டு, கேன்டீனில் மைக் செட்டைச் சரிபார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது கற்பூரம் காட்டி முடித்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனர், டிரில், சுத்தியல் வரிசையில் என் கிட்டாரும் படுத்திருந்தது. உறை இல்லை. உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வேறு.

பொரித்தட்டோடு நின்றவர் சூப்பர்வைசர்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எந்த நாய் இதுல கை வெச்சது?" என்று அவர் முகத்தைப் பார்த்தே கத்தினேன்.

குழந்தைகள்கூடப் பொரி தின்பதை நிறுத்திவிட்டார்கள். அவருக்குப் பின்னாலிருந்து என் மனைவி முன்னால் வந்தாள். மோதிர விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"நாந்தான் வெச்சேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள். "உத்தனப்பள்ளில எங்க அப்பா டிராக்டருக்குப் படைச்சுட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி அப்பவே ஓட்டுவாருங்க சார். அது மாதிரின்னு நெனச்சுட்டேன். இவரு நல்லா வாசிக்கணும்னு."

கட்டை, கட்டை என்று இத்தனை நாள் சொன்னவள்.

"இதுல என்ன தப்பும்மா இருக்குது" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டின்னே வெச்சுக்கலாம்ப்பா. எடு, எடுத்து வாசி. யாரு கேக்கறா?" என்றார்.

எடுத்திருக்கலாம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆள் அனுமதி கொடுத்து நான் வாசிப்பதா என்ற வீம்பு.

"ஆயுதம்னு வெச்சா ஆயுதந்தான் சார். நான் தொட மாட்டேன்" என்றேன்.

என் மனைவி விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டாள். நான் வாசிக்க வேண்டிய நேரத்தில் அவர் மூன்று மொழியிலும் ஒவ்வொரு பாட்டு பாடினார். நன்றாகத்தான் பாடினார், எரிச்சலோடு சொல்கிறேன். அவள் மூன்றையும் முழுசாகக் கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனி கேட்டில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கிட்டாரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"வாசிக்கட்டுமா?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

அவள் நிமிராமலே சொன்னாள்: "அந்த நாய் வெச்ச பொட்டு அப்பிடியே இருக்குது பாரு. தொடச்சுட்டு வாசி."