ஃப்ரீசரில் மணமக்கள்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானும் மாப்பிள்ளையும் செஞ்சியில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்கும் பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தோம். நிஜ ஆளாக அல்ல, ரெசின் பொம்மைகளாக. ஒரு சாண் உயரம் இருக்கும். கை, கால், தலை என்று தனித்தனியாக வரும் துண்டுகளை ஒட்டி வர்ணம் பூசி நானே செய்த ஜோடி அது.

மற்ற பெண்கள் சீரோடு பீரோ கேட்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். பொம்மை செய்யும் என் மேசையும் என்னோடு அவர் ஊரான வல்லத்துக்கு வர வேண்டும். அவர் "வரட்டுமே" என்றார். அவருடைய அம்மா அப்புறம் என் அம்மாவிடம் மட்டும், "பசங்க வெளாட்ற பொம்மையெல்லாம் எதுக்கு? வீட்ல எடம் ஏது?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மாமியார் மனசை மாற்றத்தான் ரிசப்ஷன் வாசலில் வைக்க இந்த ஜோடியைச் செய்தேன். இதைப் பார்த்து அசந்துவிட்டால் மேசை தப்பிக்கும்.

ரவிக்கை கொடுக்க வந்த மாமியார் பொம்மையைக் கையில் எடுத்தார். அசரவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"இன்னாம்மா இது? தாலி கட்டறதுக்கு முன்னாடியே எடது பக்கம் நிக்குது?"

எங்கள் பக்கம் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் இருக்க வேண்டும். ஏறிய பிறகுதான் இடது பக்கம். நான் யார் யாருடைய கல்யாண ஆல்பத்தையோ பார்த்துச் செய்ததில், ரெசின் பெண் அவசரப்பட்டு இடது பக்கம் போய் நின்றுவிட்டாள். அந்த வெட்கங்கெட்டவளுக்காக நான் தலை குனிய வேண்டியதாயிற்று.

"பிரிச்சி அந்தப் பக்கம் ஒட்டிட்றேன் அத்த" என்றேன்.

"கல்யாண நேரத்துல ஜோடியப் பிரிக்கறதா!" இதைச் சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆக, பெண் பக்கம் மாற வேண்டும், ஆனால் பிரியக் கூடாது. அம்மா பீடத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். பக்கம் மாறியது போலத்தான் இருந்தது, ஆனால் மணமக்கள் விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டினார்கள். மாமியார் அதையும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். நைனா ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். அதைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன்.

கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். பூஜை மாடத்திலிருந்து மஞ்சள் நூலை எடுத்து இரண்டு பொம்மைகளையும் கழுத்தோடு கழுத்து தளர்வாகக் கட்டினாள். நூல் இருக்கும்வரை அவர்கள் பிரிந்ததாகாதாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சூப்பர் க்ளூ போட்டதைப் பலவந்தமாக இழுத்தால் ஒட்டிய இடம் அப்படியே இருக்கும், பக்கத்தில் இருப்பதுதான் உடையும். அந்தப் பெண்ணின் விரல்கள் சீரகச் சம்பா அரிசி அளவுதான். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் பசையை இளக்கும், கூடவே புடவையின் வர்ணத்தையும் கரைத்துவிடும். ஊறவிட்டால் ரெசினையே கெடுக்கும். அதனால் அதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, வர்ணம் படாத பாதத்தின் அடியில் மட்டும் வைத்தேன். அம்மா அடுப்பில் அதிரசம் போட்டுக்கொண்டிருந்ததால் இந்த வேலையை மொட்டை மாடியில் செய்தேன். அது சட்டென்று தீப்பிடிக்கிற சமாச்சாரம். பாதம் விட்டுக்கொடுத்தது. ஒன்றோடொன்று கோத்து ஒட்டியிருந்த கைகள் விடவில்லை. அதற்குத்தான் ஃப்ரீசர். நன்றாகக் குளிர்ந்தால் பசை மொறுமொறுத்துப் போகும்.

மாமியார் வல்லம் பஸ்ஸை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்.

வெளியே எடுத்ததும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டேன். குளிர்ந்த ரெசினும் முறியும் என்பதால் இழுக்கவில்லை, மெல்ல அசைத்தேன். அசைத்துக்கொண்டே இருந்தேன். "டக்" என்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் அப்படியே இருந்தன. காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்து, பெண்ணை வலது பக்கம் வைக்கப் போனேன்.

"இரு இரு" என்றார் மாமியார். அவர் கண் நூலின் மேல் இருந்தது. "கழுத்துல மஞ்சக் கயிறு ஏறிடுச்சே. இனிமே அவ எப்படி வலது பக்கம் நிப்பா?"

"நூல அவுத்துட்றேன்."

"தாலிய அவுப்பியா?" என்று அம்மா அலறினாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெண்ணைப் பழைய இடத்திலேயே, பழைய இடது பக்கத்திலேயே ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே சொன்னேன்: "அத்த, அவ எந்தப் பக்கம் வேணா நிக்கட்டும். எனக்கு என் மேச வேணும். அது இல்லாம என்னால இருக்க முடியாது."

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், அதிரசம் கருகும் வாசனை வந்தது.

அவள் அடுப்படிக்கு ஓடியதும் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேல்மலையனூர்ல வாங்கன அங்காளம்மா பொம்ம ஒண்ணு வீட்ல இருக்குது. இதே சாமான்தான். சூலம் கழண்டு வுழுந்துச்சி. நானே ஒட்டறேன்னு எடது கையில ஒட்டிட்டேன். இழுத்துப் பாத்தேன், வரல. யார்கிட்டயும் சொல்லல. அமாவாசைக்கு அமாவாச போயி மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

வலது இடது என்று அவர் ஏன் அப்படித் தவித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது.

"விரல் ஒடையாம எடுத்துடுவியா?" என்றார்.

"எடுத்துடலாம் அத்த."

ரிசப்ஷன் அன்று நான் வலது பக்கம் கன்னியாக நின்றேன், வாசலில் என் பொம்மை இடது பக்கம் சுமங்கலியாக நின்றாள். ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் வல்லத்தில் வலது காலை எடுத்து வைத்து, விளக்கேற்றி, பாலும் பழமும் சாப்பிட்டேன். வெளியே என் மேசை வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாமியார்தான், "காலு இடிக்காம தூக்குங்கடா" என்று சத்தம் போட்டார். பிறகு என்னை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். முந்தானையில் மூடியிருந்த அம்மனை ஃப்ரீசரில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கொஞ்ச நேரம் குளுர பொறுத்துக்கோ தாயே. மருமவ வந்துட்டா."