கதவு வைத்த தொட்டி

அந்தத் தொட்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது ஆடிப்பெருக்கு அன்று. ஊரெல்லாம் ஆற்றையும் ஏரியையும் தேடிப்போய்க் கும்பிடுகிற நாளில், எங்களுக்கு மட்டும் காலித் தொட்டி ஒன்று மினி லாரியில் ஏறி வந்தது. எது நடந்தாலும் நாளோடு கிழமையோடு சேர்த்துத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும். இது மறக்கக்கூடிய நாளும் இல்லை.

காரணம் சித்திரையில் ஆரம்பித்தது. குளியலறையின் ஈரத் தரையில் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பிளேட் வைத்து, நடக்கவும் வைத்து அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே குனியக் கூடாது, தாழ்வான முக்காலியில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படியானால் பக்கெட்டும் முக்காலியுமாக இருக்கிற எங்கள் குளியலறையில் எப்படிக் குளிப்பது என்பதை அவர் சொல்லவில்லை.

அதற்குப் பதில் என் அக்காவிடம் இருந்தது. மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி அவள் வீடு. காலை ஏழு மணிக்கெல்லாம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றுவிடுவாள். தம்பி பெண்டாட்டியை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துத் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு பால் பூத்துக்குப் போவாள். அங்கே நிற்கிறவர்களிடம் அன்றைய குளியலைப் பற்றிச் சொல்வாள். அதில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது; செய்த வேலையைச் சொல்லிக்கொள்கிற பெருமைதான். ஆனால் ஒருநாள் இஸ்திரி போடுகிற அம்மா துணியை வாங்கிக்கொண்டே, முதுகில் மச்சம் இருந்தால் ராசி என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவள் டிவியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“உங்க அக்கா தங்கமானவங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் முதுகு இப்போ தெருவுக்கே தெரியுது. வர்ற தீபாவளிக்கு நான் தனியா, தாழ்ப்பாள் போட்டுக்கினு குளிக்கணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது.”

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நகை கேட்டதில்லை. கேட்டது ஒரு தாழ்ப்பாள்.

படிக்கிற பழக்கம் உள்ளவன் நான். நடந்து உள்ளே போகிற குளியல் தொட்டி என்று ஒன்று வெளிநாடுகளில் இருப்பதை எங்கோ படித்திருந்தேன். புதிதாக வாங்கினால் என்ன விலை என்று விசாரித்ததும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரகடம் பக்கத்தில் குடியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. தொழிற்சாலைகளுக்கு வந்த வெளிநாட்டு மேலாளர்கள் ஊருக்குத் திரும்பும்போது, வீட்டுச் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். படப்பை சாலையில் அவற்றை மொத்தமாக வாங்கி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே குட்டைக்கால் மேசைகளுக்கும் அரிசி வேகவைக்கிற பாத்திரங்களுக்கும் நடுவே, வெள்ளை வெளேரென்று அது நின்றுகொண்டிருந்தது. என் நெஞ்சு உயரம். உள்ளே உட்கார ஒரு மேடை. பக்கவாட்டில் ஒரு கதவு. கதவைத் திறந்து நடந்து போய் உட்கார வேண்டும், கதவைச் சாத்தி, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். குளித்து முடித்துத் தண்ணீர் முழுதும் வடிந்த பின்தான் கதவைத் திறக்க முடியும். கதவு உள்பக்கமாகத் திறப்பதால் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் வடியாவிட்டால் என்று கடைக்காரரிடம் கேட்டேன். “வடியாம அது எங்க சார் போயிடப் போவுது?” என்றார். பழைய சாமானாயிற்றே, ஏதாவது உத்தரவாதம் உண்டா என்றும் கேட்டேன்.

“இதுல குளிச்சிக்கினு இருந்தது அந்த மேனேஜரோட அம்மா சார். போன வாரம் எழுந்து நடந்தே ஏர்போர்ட்டுக்குப் போச்சு. வேற இன்னா கேரண்டி ஓணும் உங்களுக்கு?”

முப்பத்தெட்டாயிரம் கொடுத்தேன். மலிவாகக் கிடைத்துவிட்டது என்ற மயக்கத்தில் வீடுவரை லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

அக்கா தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். “இன்னாடா இது, ஆட்டோவா? சீட்டு கீது, கதவு கீது, மீட்டரக் காணோம்” என்றாள். யாருக்காக, எதற்காக என்று சொன்னபோது மட்டும் அவள் முகம் சுருங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு, ஆடி மாதத்தில் வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள். ஆவணி பிறக்கும்வரை தொட்டி போர்ட்டிகோவிலேயே நின்றது.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஒரு சாயங்கால மழையில் மாடியிலிருந்து கொட்டிய தண்ணீர் போர்ட்டிகோ ஓரத்தில் நின்ற தொட்டியைப் பாதி நிரப்பிவிட்டது. சொட்டு ஒழுகவில்லை. தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது பெரிய திருப்தி. மாடியில் குடியிருக்கிற திருநெல்வேலிப் பையன்கள் மூன்று பேர், ஷிப்ட் பஸ்ஸுக்கு இறங்கும்போதெல்லாம் “ஐயா, வண்டி எப்பம் கிளம்பும்?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எல்லாவற்றையும்விட, அக்கா மத்தியானங்களில் முறத்தோடு வந்து கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு. அந்த மேடையின் உயரம் அவள் காலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. எழுந்திருக்கச் சொன்னால், தண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது என்பாள்.

ஆவணியில் பிளம்பர் வந்தார். கட்டட வேலையும் அவரே பார்ப்பார். நிதானமானவர். எதையும், “சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?” என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றதும், குளியலறை வாசலைவிடத் தொட்டி நாலு விரற்கடை அகலம் என்றார். சுவர் இடிந்தது. மாடிப் பையன்கள் நைட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கார் லைனில் வேலை செய்கிறவர்கள் ஆதலால், அரை அங்குலம் இடது, கால் அங்குலம் வலது என்று ஏதோ இஞ்சினை இறக்குவது மாதிரி இறக்கினார்கள். மறுநாள் பிளம்பர், இந்தத் தண்ணீரைப் பழைய வடிகுழாய் தாங்காது, தரையைக் கொத்த வேண்டும் என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. தரையும் போனது.

வெள்ளோட்டம் பார்க்க முதலில் நானே இறங்கினேன். வேட்டியோடு உட்கார்ந்து, கதவைச் சாத்தி, குழாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. தொட்டி நிரம்பும்வரை ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் சின்ன கீசரின் வெந்நீர் கணுக்காலோடு தீர்ந்துபோய், மீதி உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் ஏறியது. பற்கள் தந்தியடித்தன. இடுப்புவரை வந்ததும் குழாய் விக்கி நின்றுவிட்டது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

“ஐயா, மேல தண்ணி வரல. மூஞ்சில சோப்போட நிக்கேன்.”

கீழும் மேலும் ஒரே டேங்க். அதை நான் ஒருவனாகக் குடித்துத் தீர்த்திருந்தேன். நடுங்கிக்கொண்டே தண்ணீர் வடியக் காத்திருந்தபோது, பிளம்பர் கதவருகே வந்து மெதுவாக ஆரம்பித்தார்: “சார், ஒண்ணு சொன்னா...”

பெரிய கீசர், தொட்டிக்கென்று தனி டேங்க், அதைத் தாங்க மொட்டைமாடியில் மேடை. ஆயுத பூஜைக்குத் தொட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம்; ஆனால் கீசர் வந்து சேர்ந்தது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்தான். மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று மனைவி கேட்கும்போதெல்லாம், வேலை இன்னும் முடியவில்லையே என்று நழுவிக்கொண்டிருந்தேன். அவளும் அதிகம் துளைக்கவில்லை. அவள் கவலை வேறு. பழைய பக்கெட்டையும் மக்கையும் தூக்கி வெளியே போடப்போன பிளம்பரிடம் மக்கை மட்டும் பிடுங்கிக்கொண்டாள். தொட்டி இருக்கும்போது மக் எதற்கு என்று அவர் சிரித்தார். தலையில் மொண்டு ஊற்றாமல் குளித்தால் அது குளியலா என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

தீபாவளி விடிந்தது. வழக்கம்போல அக்காதான் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தாள். என் மனைவி தலையில் மட்டும் இரண்டு கை அதிகமாக வைத்து அழுத்தித் தேய்த்தாள். மிஷினில் தானே பக்கத்தில் நின்று அரைத்துக்கொண்டு வந்த சீயக்காயை ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள். அதில் பச்சைப்பயறும் வெந்தயமும் சேர்த்திருந்தது. “நான் வெளியதான் கீறேன்” என்றாள். மனைவி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நேரே போட்டுக்கொண்டு, பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. வெந்நீர் பெருகும் சத்தம் வந்தது. பிறகு மெல்லிய பாட்டுச் சத்தம். என் மனைவி பாடிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. பாட்டு முடிந்தது. வடிகிற சத்தம் கொஞ்சம் வந்து, களக் என்று ஒரு விக்கலோடு நின்றது.

“ஏங்க” என்றாள் உள்ளேயிருந்து. “தண்ணி போவல.”

நான் கொல்லைப் பக்கம் ஓடி, ஸ்டூல் போட்டு ஏறி, குளியலறை ஜன்னலுக்கு அடியில் காதை வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல விஷயம் புரிந்தது. வெந்தயம் வெந்நீரில் ஊறிப் பசையாகி, சீயக்காயோடு சேர்ந்து வடிகண்ணை மாவு போலப் பூசிவிட்டது. அது காலடியில் இருக்கிறது. அவள் குனியக் கூடாது. மார்பளவு தண்ணீர் கதவை அழுத்திப் பிடித்திருக்கிறது. அதற்கு வெளியே இருக்கிற அறைக் கதவும் அவளே ஆசைப்பட்டுப் போட்ட தாழ்ப்பாளில் இருக்கிறது.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மாடிப் பையன்களைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லலாம், தான் ஒருத்தி மட்டும் உள்ளே போய்த் தூக்கிக்கொள்கிறேன் என்றாள். உள்ளேயிருந்து பதில் அமைதியாக வந்தது: “யாரும் வரக்கூடாது. அண்ணி, நீங்களும்தான். நானே வருவேன்.”

இதற்குள் வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் எண்ணெய் தேய்த்தாயிற்றா என்றுதான் கேட்பார்கள். டிவி பார்த்துப் பார்த்துச் சிலர் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். இஸ்திரி அம்மா பலகாரத் தட்டோடு வந்து அதையே கேட்டார். ஆயிக்கொண்டே இருக்கிறது என்றேன்.

மறுபடி ஸ்டூலில் ஏறியபோது, சளக், சளக் என்று சத்தம் கேட்டது. அவள் மக்கால் தண்ணீரை மொண்டு தொட்டிக்கு வெளியே தரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“மொத்தம் எவ்ளோ ஆச்சு? இப்பவே சொல்லிடுங்க. கதவு திறக்காது, என்னால வந்து சண்டை போட முடியாது. இதைவிட நல்ல நேரம் உங்களுக்குக் கிடைக்காது.”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நியாயம்தான்.

“ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.”

சளக் சத்தம் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து, “அடப்பாவி” என்று அக்கா சொன்னது கேட்டது. பிறகு மக் இரண்டு மடங்கு வேகத்தில் இயங்க ஆரம்பித்தது. என்னை நோக்கித்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஜன்னல் வழியே வந்தது சிரிப்பு. மூச்சு வாங்கிக்கொண்டு, மொண்டு ஊற்றிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்டூலில் நின்று சிரிப்பது எவ்வளவு அபாயம் என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா கதவுக்கு வெளியே நின்று, நிதானமாக ஊற்று, கை மாற்றிக்கொள், மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உடைப்பதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. நான் உள்ளே வந்து அவளருகில் நின்றேன். மக் சத்தம் நின்று, “திறக்கப்போறேன்” என்ற குரல் வந்தது. தொட்டிக் கதவு திறந்த வேகத்தில், மிச்சத் தண்ணீர் எல்லாம் அறைக் கதவின் அடியில் புகுந்து, சீயக்காய் நிறத்தில் கூடத்துக்குள் பாய்ந்தது. அக்கா பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு துள்ளினாள்.

“கங்கையே வந்துட்டாடா.”

கொஞ்ச நேரம் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகியது. புதுப்புடவை, தலையில் துண்டு, சிவந்த முகம். கைத்தடியை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், ஈரத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து நின்றாள். அக்கா பிடிக்க நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டு, அதற்குப் பதில் தீபாவளி லேகியத்தை ஓர் உருண்டை எடுத்து அவள் வாயில் போட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

“அவ்ளோ துட்டு குடுத்துட்டு ஒரே ஆளு குளிச்சா எப்படிடா கட்டுப்படி ஆவும்? எனக்குந்தான் முட்டி வலிக்குது.”

மனைவி லேகியத்தை விழுங்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

“நாளைக்கே வாங்க அண்ணி. ஆனா தாழ்ப்பாள் போட்டுக்குங்க. உங்க முதுகப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.”